ஒரே காரில் நான்கு குடும்பப் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், காரில் தாய்லாந்துக்குப் போனபோது எல்லையில் பட்ட பாட்டை எழுதியிருந்தார். முடிவில் ஓர் ஆலோசனையும் கொடுத்திருந்தார்: கடப்பிதழுக்குள் இரண்டு வெள்ளியை (ரிங்கிட்டை) மடித்து வைத்துவிடுங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று. அந்த இரண்டு வெள்ளியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத மற்றதெல்லாம் கூடச் சேர்ந்துகொண்டது. நீளம் அதிகமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வெள்ளியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் அஞ்சலக முகப்பில் 31 ஆண்டுகள் உட்கார்ந்தவன். தபால்தலை, பணவிடை, சேமிப்புப் புத்தகம், பின்னாளில் சாலை வரி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் என் கைவழியாகப் போயிருக்கின்றன. கண்ணாடிக்கு உள்பக்கத்திலிருந்தே வாழ்நாளில் பாதியைக் கழித்துவிட்டதால், வெளிப்பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிகிறது.

2025 மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறைக்கு, சுங்கை பட்டாணியிலிருந்து தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குக் காரில் போனோம். நான், என் மனைவி, மருமகன், நான்காம் ஆண்டு படிக்கும் பேரன். மகள் தாதியாக இருக்கிறாள். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கார் மகளின் பெயரில் இருக்கிறது. கார் மகளுடையது, மகளோ காரில் இல்லை. எங்கள் துன்பத்தில் பாதி இங்கேயே தொடங்கிவிட்டது. வீட்டு வாசலில் அது எங்களுக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் தாய்லாந்துக்குப் போகிறவர்கள் வெள்ளை அட்டை ஒன்றை நிரப்புவார்கள். டிஎம்6 என்று பெயர். பேனா இரவல் கேட்டு, முன்னால் நிற்பவர் முதுகில் வைத்து எழுதியவர்கள் நம்மில் பலர். 2025 மே 1 முதல் அது மின்னியல் வருகை அட்டையாகிவிட்டது. விமானம், கப்பல், தரைவழி எதில் போனாலும், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள் ஆசிரியரே: கட்டணம் கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தேடுபொறியில் முதலில் வந்த தளத்தில் நுழைந்து, தலைக்கு நாற்பது வெள்ளிக்குமேல் கட்டிவிட்டு வந்து என்னிடம் ரசீதைக் காட்டினார். முத்திரை, கொடி எல்லாம் அசல் மாதிரியே இருந்தன. பணம் வாங்கியவன் ஊர் பேர் எதுவும் அதில் இல்லை.

நாங்கள் சரியான தளத்தில்தான் நுழைந்தோம். மாட்டியது வேறு இடத்தில். அந்தப் படிவம் குடும்பப் பெயர் தனியாக, சொந்தப் பெயர் தனியாகக் கேட்கிறது. நம் கடப்பிதழிலோ பெயர் ஒரே வரி. நடுவில் 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமாக ஏ, ஒரு சாய்கோடு, எல். பெண்களுக்கு ஏ, சாய்கோடு, பி. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? மருமகன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "மாமா, அப்பா பேரைத்தான் குடும்பப் பேர்னு போடணும்" என்றார். சரி என்றேன். எனக்கு என் அப்பா பெயர். மனைவிக்கு அவள் அப்பா பெயர். மருமகனுக்கு அவர் அப்பா பெயர். பேரனுக்கு மருமகன் பெயர். நான்கு பேர், நான்கு குடும்பப் பெயர்கள். அன்றிரவு அதில் தப்பிருப்பதாக எங்களில் யாருக்கும் படவில்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் தலைமாட்டில் இருக்கிறது எல்லை ஊரான புக்கிட் காயு ஹீத்தாம். அதற்கு முன்னால் சங்லுன் பக்கம் சாலையோரக் கடைகள் இருக்கும். தாய்லாந்துக்கான வாகனக் காப்புறுதி விற்பார்கள், டிஎம்2, டிஎம்3 என்ற தாள்களைத் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். வண்டி எது, ஓட்டுவது யார், உள்ளே யார் யார் என்ற விவரமெல்லாம் அந்தத் தாள்களில்தான். நாங்கள் நிறுத்திய கடையில் ஓர் இளம்பெண் மின்னல் வேகத்தில் தட்டினாள். "பாக்சிக் (பெரியவரே), சாலை வரி தாளாக இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டாள். இல்லை. 2023 முதல் சாலை வரி கைப்பேசிக்குள் போய்விட்டதே. அதுவும் உரிமையாளரின் கைப்பேசிக்குள். மகள் இரவு வேலை முடிந்து உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, திரைப்பிடி (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பச் சொல்லி, இரண்டு வெள்ளி கொடுத்து அச்சிட்டு வாங்கிக்கொண்டேன். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சாலை வரி வில்லையைக் கிழித்துக் கொடுத்தவன் நான்; என் முறை வந்தபோது கையில் ஒரு திரைப்பிடி நகல். கடைசிவரை அதை யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

காப்புறுதித் தாளில் முடிவுத் தேதி 2568 என்று இருந்தது. மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "என்னங்க, ஐந்நூறு வருஷத்துக்குப் போட்டுட்டாங்களே, காசைப் பார்த்துக் கொடுத்தீங்களா?" என்றாள். அது புத்த ஆண்டு. நம் கணக்கோடு 543 கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. மருமகன் வேப் என்கிற மின்சிகரெட் பிடிப்பவர். தாய்லாந்தில் அதைக் கொண்டுபோவதே குற்றம். இறக்குமதித் தடை 2014-லேயே வந்துவிட்டது. கடைப்பெண்தான் எச்சரித்தாள். மருமகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். எனக்கு அந்த நாட்டுச் சட்டத்தின்மேல் மரியாதை பிறந்தது அப்போதுதான்.

நம் பக்கத்தில் வேலை விரைவாக முடிந்தது. அந்தப் பக்கம், சடாவில், குடிநுழைவு முகப்பில் ஓர் இளம் பெண் அதிகாரி. மருமகன் நான்கு கடப்பிதழ்களையும் அடுக்கிக் கொடுத்தார். அவர் முதல் கடப்பிதழைத் திறந்தார். உள்ளேயிருந்து இரண்டு ஒரு வெள்ளி நோட்டுகள் எட்டிப் பார்த்தன. எனக்குத் தெரியாமல் மருமகன் வைத்த வேலை. நான்கிலும் வைத்திருக்கிறார். அந்தப் பெண் கோபப்படவில்லை. ஒவ்வொரு கடப்பிதழாகத் திறந்து, நோட்டுகளை எடுத்து முகப்புப் பலகையில் வைத்தார். எட்டும் சேர்ந்ததும் ஒற்றை விரலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேரன், "தாத்தா, காசு எதுக்கு? டிக்கெட்டா?" என்று சத்தமாகக் கேட்டான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தமிழர்கள்.

அந்த எட்டு வெள்ளியைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்தபோது பட்ட வெட்கம் எனக்கு வேலையில் இருந்த நாளில்கூடக் கிடையாது. கடிதம் எழுதிய வாசகர் 'காப்பிக் காசு' என்று எழுதியிருந்தார். எல்லா இடத்திலும் எல்லாரும் நேர்மை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் கேட்காத இடத்திலும் நாமே முந்திக்கொண்டு நீட்டுகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து, அவர்கள் வாங்குகிறார்கள் என்று கடிதம் எழுதுகிறோம். என் முகப்பிலும் அப்படி நீட்டியவர்கள் உண்டு. நீட்டுகிறவன் முகம் உள்ளே இருப்பவனுக்கு எப்படித் தெரியும் தெரியுமா? 'இவன் தாளில் ஏதோ கோளாறு இருக்கிறது' என்று தெரியும். உடனே ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கத் தோன்றும்.

அவரும் பார்த்தார். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விரலால் எண்ணினார். பிறகு அரைகுறை மலாயில், "குடும்பமா?" என்றார். ஆமாம் என்றோம். "நான்கு குடும்பமா?" என்றார். இல்லை, ஒன்று. "பெயர் நான்கு?" நான் கண்ணாடிக்குக் குனிந்து, இது என் அப்பா பெயர், இது இவள் அப்பா பெயர், இது இவன் அப்பாவின் பெயர், அந்த அப்பா இதோ நிற்கிறவர் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே குழப்பம் வந்தது. சிறுவனின் பெயரில் குடும்பப் பெயராக இருப்பது பக்கத்தில் நிற்பவரின் சொந்தப் பெயராக இருந்தது, பக்கத்தில் நிற்பவரின் குடும்பப் பெயர் காரிலேயே இல்லாத ஒருவருடையது. சிறுவனைக் கடத்திக்கொண்டு போகிறோமோ என்று அவர் நினைத்திருந்தாலும் தப்பில்லை. பேரனிடம் குனிந்து, மருமகனைக் காட்டி, "யார்?" என்றார். "அப்பா," என்றான். முத்திரை விழுந்தது.

அவருக்கு ஏன் அவ்வளவு திகைப்பு என்று காஞ்சனபுரியில் நாங்கள் தங்கிய விடுதிக்காரர் சொல்லித்தான் புரிந்தது. தாய்லாந்தில் 1913-இல் ஆறாம் ராமா அரசர் குடும்பப் பெயர்ச் சட்டம் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போலத்தான். சட்டம் வந்தபின் ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைச் சம்பந்தமில்லாத வேறு குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப் பழகிய கண்ணுக்கு நாங்கள் நான்கு பேரும் வழியில் சந்தித்து ஒரே காரில் ஏறியவர்களாகத்தான் தெரிவோம்.

அடுத்தது சுங்கம். வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோக ஒரு தாள் தருவார்கள். அதற்கு மகள் கைப்பட மலாயில் எழுதிய ஒப்புதல் கடிதத்தைக் கொடுத்தோம். 'என் காரை என் கணவர் ஓட்டிச் செல்ல அனுமதிக்கிறேன்' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு, அந்தக் கையெழுத்து உரிமையாளருடையதுதான் என்பதற்கு அடையாள அட்டை நகல் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அஞ்சலகத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் இதே கேள்வியைக் கேட்டு. அதோடு அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். மின்னல் வேகப் பெண் கார் எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டிவிட்டாள். வண்டிப் பதிவுத் தாளான கிராண்டின் நகலில் 27, டிஎம் தாளில் 72.

மறுபடி மகளை எழுப்பினோம். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினாள். எல்லையின் அந்தப் பக்கமே அச்சிடும் கடை ஒன்றைத் தேடி நடந்து, டிஎம் தாள்களையும் புதிதாகத் தட்டச்சு செய்து, மறுபடி காசு கொடுத்து, திரும்பி வந்து வரிசையில் நின்று முடிய ஒன்றரை மணி நேரம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால் என்பதால் அரை மணிதான் வீண் என்று மருமகன் சமாதானம் சொன்னார். அவர் கணக்குப் பாடத்தில் எப்படித் தேறினாரோ.

மருமகன் அந்த அதிகாரியிடம் குரலை உயர்த்தப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். முகப்புக்குப் பின்னால் இருப்பவனுக்கு எதிரே நிற்பவன்மேல் கோபம் எதுவும் இல்லை. அவன் பயப்படுவது முதுகுக்குப் பின்னால் வருகிற தணிக்கைக்காரனுக்கு. நாளைக்கு அந்தக் கார் திரும்பி வராவிட்டால், 'யார் இந்த எண்ணுக்கு முத்திரை போட்டது?' என்ற கேள்வி அவனிடம்தான் வரும். அவன் கேட்பதைக் கொடுத்தால் அவன் பயம் போய்விடும், நம் வேலையும் முடிந்துவிடும். கத்தினால் பயம் இரண்டாகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 31 ஆண்டு அனுபவம். கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில்தான் புரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காஞ்சனபுரிக்கு எதற்குப் போனோம் என்று சொல்லவில்லையே. என் பெரியப்பா 1943-இல், ஜப்பானியர் காலத்தில், தோட்டத்திலிருந்து அவர்கள் போட்ட சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பவில்லை. என் அப்பா சாகும்வரை 'அண்ணன் சயாமுக்குப் போயிருக்கிறார்' என்று நிகழ்காலத்தில் சொல்வதுபோலவே சொல்வார். மின்னியல் அட்டையில் பயணத்தின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. விடுமுறை, தொழில், கூட்டம், சிகிச்சை என்று பட்டியல் விரியும். மருமகன் விடுமுறை என்று தட்டினார். வேறு எதைத் தட்டுவது?

415 கிலோமீட்டர் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காஞ்சனபுரி ஊருக்கு நடுவில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், வரிசை வரிசையாக, புல்லை அவ்வளவு சீராக வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, எண், வயது. அங்கே ஒருவர் கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு தன் தாத்தாவைத் தேடிக் கண்டுபிடித்ததைப் பார்த்தேன். நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் செத்த பாதை அது; அவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. காட்டில் புதைத்தார்கள், எரித்தார்கள், ஆற்றோடு விட்டார்கள். பெரியப்பா எல்லை தாண்டியபோது கடப்பிதழ் இல்லை, படிவம் இல்லை, எந்த அதிகாரியும் அவரிடம் பெயர் கேட்டிருக்கமாட்டான். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வைத்திருந்த பெயர்ப்பட்டியல் ஒன்றுதான் ஆதாரம். அது என்ன ஆனதென்று அப்பாவுக்கே தெரியாது. இரண்டு நாள் முன்னால் சடாவில் தாள்களைத் திட்டிக்கொண்டிருந்த நான், அந்தக் கல்லறை வாசலில் ஒரே ஒரு தாளுக்காக நின்றேன். மனைவி பூ வாங்கி வைத்திருந்தாள். ஆற்றில் விட்டோம்.

திரும்பும்போது பெரிய சிக்கல் இல்லை. சுங்கத்தில் கொடுத்த தாளை வெளியேறும்போது மறக்காமல் திருப்பித் தர வேண்டும். அனுமதித்த நாளைத் தாண்டினால் நாளுக்கு 1000 பாட் அபராதம். அந்தத் தாளைப் பேரன் தன் கதைப்புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தான். கார் முழுவதும் கவிழ்த்துத் தேடினோம். மனைவி ஹட்யாய் சந்தையில் ஒரு மல்லிகைக் கன்று வாங்கியிருந்தாள். அனுமதி இல்லாமல் செடி கொண்டுவரக் கூடாது என்று எடுத்துச் சொல்லி, மதியம் சாப்பிட்ட கடைக்காரப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தோம். வீடு வரும்வரை மனைவி பேசவில்லை.

சம்பந்தப்பட்ட துறைகளுக்கு இப்பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். எல்லைக்குப் போய் நின்றபிறகு என்ன தாள் இல்லை என்று தெரிந்து பயனில்லை. நெடுஞ்சாலையின் வடகோடி ஓய்விடங்களில், திரும்பிப் போய் எடுத்துவர வழியிருக்கும் இடத்தில், மலாய், ஆங்கிலம், சீனம், தமிழில் ஒரு பலகை வையுங்கள். வண்டி சொந்தப் பெயரில் இருந்தால் என்ன வேண்டும், மனைவி, மகள், முதலாளி பெயரில் இருந்தால் என்ன வேண்டும் என்று அதில் போடுங்கள். ஒப்புதல் கடிதத்துக்கு மலாயும் தாய்லாந்து மொழியும் எதிரெதிரே இருக்கும் மாதிரி ஒன்றை இணையத்தில் ஏற்றினால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். சாய்கோடு போட்ட பெயர் உள்ளவர்கள் அந்த மின்னியல் படிவத்தை எப்படி நிரப்புவது என்று நம் நாட்டுக் குடிநுழைவுத் துறை தாய்லாந்தோடு பேசி ஒரே முறையாக அறிவிக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மருமகன் ஒவ்வொரு மாதிரி தட்டிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் தெரிந்தவர்கள் தட்டச்சுக் கடைக்காரர்களும் வாட்ஸ்அப் குழுக்களும்தான் என்கிற நிலை வேண்டாம். கடைக்காரர்கள்மேல் எனக்குக் குறை இல்லை, அவர்கள் பிழைப்பு. ஆனால் 27 எப்படி 72 ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன்.

அதுவரை, அடுத்த பயணத்துக்காக மகளின் ஒப்புதல் கடிதத்தை மலாயிலும் தாய்லாந்து மொழியிலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். விடுதிக்காரர் பார்த்துத் திருத்திக் கொடுத்தது. முதலில் அந்த வாசகருக்கு அனுப்புகிறேன்; வேறு யாருக்கு வேண்டுமானாலும் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கட்டும், நகல் எடுத்து அனுப்புகிறேன். தபால்தலை ஒட்டிய உறை மட்டும் போதும். உள்ளே இரண்டு வெள்ளி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர்,
சுங்கை பட்டாணி, கெடா.